நூற்று எண்பத்தாறு இடது கால்கள்

கள ஆய்வுக் கையேடு, பகுதி நான்கு, விதி மூன்று இப்படிச் சொல்கிறது: "மாணவர் பார்க்கலாம், கேட்கலாம், குறிப்பெடுத்துக்கொள்ளலாம். ஆய்வு இடத்தில் உள்ள எந்தப் பொருளையும் நகர்த்தவோ, பிரிக்கவோ, பெயர் மாற்றவோ கூடாது."

இந்த விதியை நான் படிக்கவில்லை என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. படித்தேன். சிவப்பு மையால் அடிக்கோடிட்டேன். ஓரத்தில் 'நன்று' என்று எழுதிச் சுருக்கொப்பமும் வைத்தேன். விதி தெரியாமல் தவறு செய்கிறவர்களை முப்பத்து நான்கு ஆண்டுகள் பார்த்துச் சலித்தவன் நான். விதியை நன்றாகத் தெரிந்துகொண்டு, அது மற்றவர்களுக்காக எழுதப்பட்டது என்று முடிவு செய்வதற்குத்தான் நிஜமான அனுபவம் வேண்டும்.

அந்த அனுபவம் எனக்கு ஓர் அரசு அலுவலகத்தின் ஆவணக் காப்பறையில் கிடைத்தது. அங்கே கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றேன். என் மேசைக்கு ஒரு மனு வந்தால் அதற்கு எண் கிடைக்கும், கோக்க நூல் கிடைக்கும், படுக்க அலமாரி கிடைக்கும். பதில் எப்போது கிடைக்கும் என்று மனுதாரர் வந்து நின்றால் "பரிசீலனையில் உள்ளது" என்பேன். அந்தச் சொற்களின் முழு எடை எனக்கே தெரியவந்தது அறுபத்திரண்டாவது வயதில். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஓய்வு பெற்று மாதனூர் வீட்டில் உட்கார்ந்ததும் ஒழுங்குபடுத்த எதுவும் இல்லாமல் கை பரபரத்தது. சமையலறை டப்பாக்களுக்கு எண் போட்டேன். மூன்றாம் நாள் என் மனைவி கமலா ஒரு டப்பாவைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றாள்.

"இன்னாங்க, பதினேழுன்னு ஒட்டி வெச்சிருக்கீங்க. பதினேழுன்னா இன்னா?"

"பதிவேட்டைப் பாரு."

"அடுப்புல எண்ணெய் காயுது. நான் பதிவேட்டப் பாத்துக்கினு இருக்கவா? எங்கனா போய்ப் படிங்க. ஊருல எவ்வளவோ காலேஜ் இருக்குது."

கோபத்தில் சொன்னாள். நான் அதை ஆணையாக எடுத்துக்கொண்டேன். வேலூரில் ஒரு கல்லூரியில் தகவல் அறிவியல் முதுநிலைப் படிப்பு, வார இறுதி வகுப்புகளாக நடந்துகொண்டிருந்தது. முதல் பருவத்தில் ஓர் அறிமுகப் பாடம். வகுப்பில் இருபத்தோரு பேர். இருபது பேருடைய வயதைக் கூட்டி இருபதால் வகுத்தால் என் பணி அனுபவத்தைவிடக் குறைவாக வரும்.

பேராசிரியர் எஸ்தருக்கு என் மருமகள் வயது இருக்கும். முதல் நாளே "தகவல் என்றால் என்ன?" என்று கேட்டார். ஒரு பையன் "அர்த்தம் சேர்ந்த தரவு" என்றான். ஒரு பெண் "ஐயத்தைக் குறைப்பது" என்றாள். நான் எழுந்து நின்று, "மேலொப்பம் இடப்பட்டது" என்றேன். வகுப்பு சிரித்தது. பேராசிரியர் சிரிக்கவில்லை. என் பெயரைக் குறித்துக்கொண்டார். (அதைப் பாராட்டு என்று நினைத்தேன்.)

பருவத் தேர்வுக்குப் பதில் ஒரு கள ஆய்வு. அவரவர் ஊரில் ஏதாவது ஒரு சேகரிப்பைத் தேர்ந்துகொள்ள வேண்டும். அதைப் பயன்படுத்துகிறவர்கள் தங்களுக்கு வேண்டியதை எப்படித் தேடிக் கண்டுபிடிக்கிறார்கள் என்று கவனித்து எழுத வேண்டும். மற்றவர்கள் நூலகம், மருந்துக் கடை என்று போனார்கள். எனக்கு வீட்டிலேயே ஆள் இருந்தாள்.

என் மருமகள் சத்யா, குடியாத்தத்தில் லுங்கி நெய்கிற குடும்பத்துப் பெண். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் மாதிரி அறையைக் கவனித்துக்கொள்கிறாள். அதாவது, கவனித்துக்கொள்ளச் சொல்லியிருந்தார்கள். இன்சார்ஜ் என்று ஆறு மாதமாக வாய்வார்த்தைதான். குளிர்கால பூட்ஸ் ஆர்டர் ஒன்று வந்திருந்தது. அது தடங்கல் இல்லாமல் தோல் வெட்டும் கட்டிங் பிரிவுக்குப் போய்விட்டால் இன்சார்ஜ் ஆணையில் கையெழுத்துப் போடுவதாக மேனேஜர் ரஃபீக் சொல்லியிருந்தார். அவள் அந்தக் காகிதத்துக்காகக் காத்திருந்தாள். எனக்கு அது தெரியும். மிக நன்றாகத் தெரியும்.

அனுமதி வாங்கிக் கொடுத்தவள், கம்பெனி பஸ்ஸில் ஏறும்போதே எச்சரித்தாள்.

"மாமா, பாருங்க, கேளுங்க, எழுதிக்குங்க. எதையும் தொடாதீங்க."

"எங்க கையேட்டுலயே அப்படித்தாம்மா இருக்குது."

"அப்ப சரி" என்றாள் நிம்மதியாக. பாவம்.

மாதிரி அறை என்பது சுவர் முழுக்க அலமாரி. அலமாரி முழுக்க ஷூ. எல்லாம் ஒரே ஜெர்மன் கம்பெனிக்காகப் பல ஆண்டுகளில் செய்து காட்டியவை. ஒவ்வொன்றின் நாடாத் துளையிலும் ஒரு நூல், நூலில் ஒரு முத்திரை, முத்திரையோடு ஓர் அட்டை. அட்டையில் யாருடைய கிறுக்கலோ, ஒரு கையெழுத்து, ஒரு தேதி. அறைக்கு ராணி நஸ்ரீன். பதினெட்டு வருடமாக அங்கே வேலை செய்கிறவர். கட்டிங்கிலிருந்து யாராவது வந்து "அந்த ஜிப் தகராறு ஷூ" என்றால் திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி எடுத்துக் கொடுப்பார். "அழுதுச்சே ஒரு அம்மா, அது" என்றாலும் அப்படியே. (ஜெர்மனியிலிருந்து வந்த வடிவமைப்பாளர் ஒருவர் நிறம் தப்பிவிட்டது என்று அந்த அறையிலேயே அழுதாராம்.)

"இதையெல்லாம் எந்த வரிசையில வெச்சிருக்கீங்க?" என்று கேட்டேன்.

"வரிசையா? கைக்கு வர்ற வரிசைதான், பெரியவரே."

குறிப்பேட்டில் 'முறை ஏதும் இல்லை' என்று எழுதினேன். தகவல் அறிவியலின் வரலாற்றில் இவ்வளவு தவறான வாக்கியம் குறைவு.

மறுநாள் வெள்ளிக்கிழமை. ஜெர்மன் கம்பெனியின் அலுவலகத்தில் கூட்டம் என்று சத்யா சென்னைக்குப் போய்விட்டாள். நஸ்ரீன் உறவில் நிச்சயதார்த்தம் என்று ஆற்காட்டுக்குப் போய்விட்டார். அறையில் நான், ஷூக்கள், விதி மூன்று.

முதலில் எண்ணித்தான் பார்த்தேன். எண்ணுவது நகர்த்துவது ஆகாது. நூற்று எண்பத்தாறு. இரண்டாம் முறை எண்ணியபோதுதான் உடம்பு சிலிர்த்தது. நூற்று எண்பத்தாறும் இடது கால். வலது கால் ஒன்றுகூட இல்லை.

முப்பத்து நான்கு வருடப் பணி அனுபவம் என்னுள் எழுந்து நின்றது. இருப்பில் குறைவு! அதுவும் சரி பாதி! என் மருமகள் பொறுப்பில் இருக்கும் அறையில், அவள் காகிதம் வரும் நேரத்தில், யாரோ நிதானமாக வலது கால்களாகவே பார்த்துப் பொறுக்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். நாளைக்கு ஒரு தணிக்கை வந்தால் யார் தலை உருளும்? அவளைக் காப்பாற்றுவது என் கடமை என்று தீர்மானித்தேன். அந்த நிமிடத்தில் விதி மூன்று சாதாரண மாணவர்களுக்கான விதியாகிவிட்டது.

முதல் வேலை, ஆதாரங்களைப் பத்திரப்படுத்துவது. அழுக்கு அட்டைகள் ஷூவில் தொங்கிக்கொண்டிருந்தால் யாரும் அறுத்துக்கொண்டு போகலாமே! எனவே நானே அறுத்தேன். நூற்று எண்பத்தாறு நூல்களையும் கத்தரித்து, அட்டைகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, துளையிட்டு, கோப்பாகக் கட்டினேன். ஒவ்வொரு அட்டைக்கும் ஓர் எண். அதே எண்ணை வெள்ளைக் காகிதச் சீட்டில் எழுதி, கோந்து தடவி, அந்தந்த ஷூவில் ஒட்டினேன்.

அடுத்து வகைப்பாடு. அளவு வாரியாகப் பிரித்தேன். எல்லாம் நாற்பத்திரண்டு. நிற வாரியாகப் பிரித்தேன். நூற்று முப்பத்தொன்று பழுப்பு. கடைசியில் அடிக்கோலை வைத்துக் குதிகாலின் உயரத்தை அளந்து, ஏறுவரிசையில் அடுக்கினேன். அலமாரி படிக்கட்டு மாதிரி அழகாக இருந்தது. ஷூக்களின் மூக்கில் ஏதோ பழைய செய்தித்தாள் கசக்கித் திணித்திருந்தது. அதை மட்டும் எடுக்கவில்லை. ஒரு கண்காணிப்பாளர் செருப்புக்குள் கையை விடுவதற்கும் ஓர் எல்லை உண்டு.

கடைசியாகக் கடிதம். ஷூ அட்டையிலேயே ஜெர்மன் கம்பெனியின் முகவரி இருந்தது. நல்ல ஆங்கிலத்தில் எழுதினேன். பொருள்: வலது கால்கள், நூற்று எண்பத்தாறு, இருப்பில் இல்லாமை குறித்து. மேற்படி வலது கால்கள் தங்கள் வசம் இருப்பின் பதினைந்து நாட்களுக்குள் திருப்பி அனுப்பவும், இல்லையெனில் விளக்கம் அளிக்கவும், தவறினால் மேல்நடவடிக்கை தொடரப்படும். கீழே என் பெயர், 'ஆவணக் கண்காணிப்பாளர் (ஓய்வு)', மாதனூர் முகவரி. போகிற வழியில் ஆம்பூர் தபால் நிலையத்தில் வெளிநாட்டுப் பதிவுத் தபாலில் சேர்த்தேன். வீட்டுக்கு வந்து இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன். சத்யா சென்னையிலிருந்து களைத்து வந்து படுத்துவிட்டாள். காலையில் அவளே பார்த்து மகிழட்டும் என்று எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை வேலூரில் வகுப்பு. கோப்பைக் கையோடு கொண்டுபோயிருந்தேன். பேராசிரியர் எஸ்தர் "கள ஆய்வு எப்படிப் போகிறது?" என்று கேட்டதும் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். நூற்று எண்பத்தாறு என்று சொல்லும்போது கோப்பைத் தலைக்கு மேல் தூக்கிக் காட்டினேன். பேராசிரியர் கையேட்டைத் திறந்தார். பக்கத்தைத் தேடினார்.

அந்த நேரத்தில் என் கைபேசி அடித்தது. (எனக்குக் காது சற்று மந்தம் என்பதால் ஒலி எப்போதும் உச்சத்தில் இருக்கும். வகுப்பு முழுக்கக் கேட்டது.)

"மாமா! இன்னா மாமா பண்ணி வெச்சிருக்கீங்க?"

"பாத்தியாம்மா? பிடிச்சிருக்குதா?"

"சீட்டெல்லாம் கீழ கிடக்குது மாமா! ஒண்ணு கூட ஒட்டிக்கினு இல்ல. மெழுகு போட்ட தோல்ல கோந்து நிக்குமா? ஃபேன் போட்டேன், ரூம் முழுக்கப் பறக்குது. எந்த ஷூ எதுன்னே தெரியல. டேக் எங்க?"

"பத்திரமா என்கிட்டதாம்மா இருக்குது. நீ பயப்படாத. வலது கால் திருட்ட நான் கண்டுபிடிச்சிட்டேன்."

மறுமுனையில் அவள் நாற்காலியை இழுத்து உட்காரும் சத்தம் கேட்டது.

"மாமா. ஒரு ஜோடி பண்ணுவோம். அவங்க பாத்து ஓகேன்னா கையெழுத்து போட்டு, சீல் வெச்சி, இடது கால நம்மகிட்ட குடுத்துட்டு வலது கால ஜெர்மனிக்கு எடுத்துட்டுப் போவாங்க. நாளைக்குத் தகராறு வந்தா ரெண்டையும் சேத்து வெச்சிப் பாக்கறதுக்கு. எல்லா கம்பெனிலயும் அப்பிடித்தான் மாமா. யாரும் திருடல."

நான் உட்கார்ந்துவிட்டேன். அவள் குரல் இறங்கியது.

"ஜெர்மன் கம்பெனியோட சென்னை ஆளு, அந்த ரெப், இங்க வந்து உக்காந்துக்கினு இருக்காரு. சீல் வெச்ச ஷூவப் பாத்தாத்தான் கட்டிங் ஆரம்பிக்க விடுவாரு. ரெண்டு மணி ரயிலுக்குக் கிளம்பிடுவாரு. ரஃபீக் சார் மூஞ்சியப் பாக்க முடியல. சீக்கிரம் வாங்க மாமா."

பேராசிரியர் எஸ்தர் கையேட்டை மூடினார். "ஐயா, போயிட்டு வாங்க" என்றார் மெதுவாக. "பஸ்ஸுல அந்தக் கோப்ப மட்டும் விட்டுடாதீங்க."

ஆற்காட்டிலிருந்து வருகிற ஆம்பூர் பஸ் கிடைத்தது. கோப்பைக் குழந்தை மாதிரி அணைத்துக்கொண்டு ஏறினால், முன்பக்கப் பெண்கள் இருக்கையில் ஆற்காட்டு இனிப்பான மக்கன் பேடா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நஸ்ரீன் உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இடம் பின்பக்கம் கிடைத்தது. எனவே என் வாக்குமூலத்தை முழு பஸ்ஸுக்கும் கேட்கும்படிதான் கொடுக்க வேண்டியிருந்தது.

"டேக்க அறுத்தியா? எல்லாத்தையுமா?" நஸ்ரீன் எழுந்தே நின்றுவிட்டார்.

"எல்லாத்தையும்."

"யா அல்லா! பதினெட்டு வருசம்! ஒரு நாள் லீவு போட்டேன், ஒரே நாளு!"

கண்டக்டர் என்னைக் கவலையோடு பார்த்தார். "இன்னா பெரியவரே, எதுனா தொலைச்சிட்டீங்களா?"

"அவரு இன்னாத்தத் தொலைக்கப் போறாரு. வலது கால் ஜெர்மனில இருக்குது, அதத் தேடறாரு" என்றார் நஸ்ரீன்.

கண்டக்டர் குனிந்து என் கால்கள் இரண்டையும் பார்த்துவிட்டு டிக்கெட் கிழித்தார்.

மாதனூர் தாண்டும்போது நஸ்ரீனுக்கு ஏதோ தோன்றியது. திரும்பிக் கத்தினார். "பெரியவரே! உள்ள இருந்த பேப்பரு? அதையும் புடுங்கிட்டியா?"

"செய்தித்தாளா? அதைத் தொடல."

"தொடலியா? நெசமா?"

"குப்பைன்னு விட்டுட்டேன்."

அவர் இரண்டு கைகளையும் மேலே தூக்கினார். "அந்தக் குப்பதான் ஐயா என் ரிஜிஸ்டரு!"

ஓடும் பஸ்ஸில் நான் கேட்ட அந்த விளக்கம்தான் எனக்குக் கிடைத்த உண்மையான அறிமுகப் பாடம். ஒரு ஷூவுக்கு முத்திரை வைத்த அன்றே, மூக்கு நசுங்காமல் இருப்பதற்காக, நஸ்ரீன் அன்றைய செய்தித்தாளை உள்ளே திணித்துவிடுவார். அட்டை தொலைந்தால், ஷூவுக்குள் தேதி இருக்கும்.

"ஒரே நாளில் இரண்டு ஷூ வந்தால்?" என்று கேட்டேன். (அந்த நிலைமையிலும் குறுக்கு விசாரணை என்னை விடவில்லை.)

"நல்லா பேசற ஆளுன்னா சினிமா பக்கம். பேஜார் குடுக்கற ஆளுன்னா மரண அறிவிப்புப் பக்கம். எனக்குத் தெரியாதா?"

ஓட்டுநர்கூடக் கண்ணாடியில் பார்த்துச் சிரித்தார்.

மாதிரி அறைக்குள் நுழைந்தபோது மணி பன்னிரண்டரை. பழுப்பு பூட்ஸ் பதினொன்றை மேசையில் வரிசையாக வைத்துக்கொண்டு சத்யா நின்றிருந்தாள். பதினொன்றும் உடன்பிறந்தவை மாதிரி இருந்தன. அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். ரெப் கடிகாரத்தைப் பார்த்தார். ரஃபீக் என்னைப் பார்த்தார். கோப்பைப் புரட்டினேன். தொண்ணூற்று நான்காவது அட்டை, ரெப்பின் கையெழுத்தோடு இருந்தது. தேதியை உரக்கப் படித்தேன்.

நஸ்ரீன் செய்தித்தாள் கணக்கைச் சத்யாவின் காதில் சொல்லிவிட்டு, ஒவ்வொரு பூட்ஸுக்குள்ளும் கையை விட்டுக் காகிதத்தை எடுத்து நீட்ட, சத்யா தேதியைப் பார்த்தாள். ஆறாவது பூட்ஸில் அதே தேதி. எட்டாவதிலும் அதே தேதி. ஆறாவதில் இருந்த காகிதத்தைச் சத்யா நீவிப் பார்த்தாள். புதுப்படம் ஒன்றின் முழுப்பக்க விளம்பரம். எட்டாவதை நீவினாள். வரிசையாக மாலை போட்ட படங்கள், ஆழ்ந்த இரங்கல்கள்.

"இதுதான்" என்றாள் சத்யா.

"இதுதான்னு எப்படிச் சொல்றீங்க?" என்றார் ரெப்.

நஸ்ரீன் மக்கன் பேடா டப்பாவைத் திறந்து அவர் முன்னால் நீட்டினார். "சாப்பிடுங்க சார். உங்களுக்கு ஸ்பெஷல் பக்கம் சார் அது."

ரெப் பூட்ஸைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, உள்ளே தான் அன்று பேனாவால் போட்டு மறந்திருந்த ஒரு சின்னப் புள்ளியைக் கண்டுபிடித்துத் தலையசைத்தார். புது நூல், புது முத்திரை, மறுபடியும் கையெழுத்து. ஒன்றே கால் மணிக்குக் கட்டிங் தொடங்கியது.

சத்யா சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். அந்த இடத்தில் இந்தக் கதை நல்லபடியாக முடிந்திருக்கும். ஆனால் நான் நேர்மையான மனிதன். "இன்னொரு சின்ன விஷயம்" என்று ஆரம்பித்து, பதிவுத் தபால் ரசீதையும் கடித நகலையும் எடுத்து மேசைமேல் வைத்தேன்.

ரஃபீக் கடித நகலை இரண்டு முறை படித்தார். 'மேல்நடவடிக்கை' என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு சத்யாவிடம் சொன்னார்: "நாமளா மெயில் போட்டுச் சொல்லாத. சொன்னா, படிக்காதவன் கூடத் தேடி எடுத்துப் படிப்பான். வழியிலயே தொலைஞ்சா நம்ம நல்ல நேரம். பதில் வந்து, அவங்க கோவப்படலன்னு தெரியட்டும். அப்புறம் உன் இன்சார்ஜ் ஆர்டர்ல கையெழுத்து போடறேன்."

பிறகு சத்யாவுக்கு ஒரு குறிப்பாணையும் வந்தது, நடந்ததற்கு விளக்கம் கேட்டு. குறிப்பாணைக்குப் பதில் எழுதுவதில் நான் கரைகண்டவன். பதினோரு பத்தியில் வரைவு தயாரித்துக் கொடுத்தேன். அவள் அதை மடித்து வைத்துவிட்டு ஒரே வரி எழுதினாள்: 'இனிமேல் சொந்தக்காரர்களை உள்ளே விடமாட்டேன்.' ரஃபீக் அதை அப்படியே ஏற்றுக்கொண்டாராம்.

அதன்பின் நான் மூன்று நாள் அந்த அறையில் உட்கார்ந்து, நஸ்ரீனின் மேற்பார்வையில், செய்தித்தாளையும் அட்டையையும் பொருத்தி நூற்று எண்பத்தாறையும் பழைய இடத்துக்கே கொண்டுபோனேன். 'கைக்கு வர்ற வரிசை' என்றால் என்ன என்று அப்போதுதான் பார்த்தேன். அடிக்கடி கேட்கப்படுவது இடுப்பு உயரத்தில், தகராறு முடிந்துபோனது மேல்தட்டில். நடந்ததையெல்லாம் ஒளிக்காமல் அறிக்கையாக எழுதிக் கொடுத்தேன். பேராசிரியர் எஸ்தர் தேர்ச்சி மதிப்பெண் போட்டு, கீழே இப்படி எழுதியிருந்தார்: 'விதி மூன்று எதற்கு என்று மாணவர்கள் ஆண்டுதோறும் கேட்கிறார்கள். அடுத்த ஆண்டுக் கையேட்டில் இந்த அறிக்கை இணைப்பாகச் சேர்க்கப்படும்.' என் வாழ்நாளில் நான் எழுதிய எதுவும் அதுவரை இணைப்புத் தகுதி பெற்றதில்லை.

எல்லாம் முடிந்தது, ஒரு பதிலைத் தவிர. செப்டம்பர் கடைசியில் போட்ட கடிதம். கைபேசியில் அதன் போக்கைப் பார்த்தேன். சென்னையை விட்டுக் கிளம்பியது என்று காட்டியது. பிறகு எதுவுமே காட்டவில்லை. அக்டோபர் போயிற்று, நவம்பர் போயிற்று. தினமும் பதினோரு மணிக்கு வாசல் கேட்டில் நின்றேன். தபால்காரர் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை விரிப்பார். என் மேசைக்கு முன்னால் நின்ற முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தன. எல்லா முகமும் அப்போது என் முகம் மாதிரியே இருந்தது.

"ஒரு நினைவூட்டுக் கடிதம் போட்டுப் பாக்கட்டுமாம்மா?" என்று டிசம்பரில் கேட்டேன்.

"போடுங்க மாமா. அன்னிக்கே நான் குடியாத்தம் போயிடறேன்" என்றாள் சத்யா, சோற்றிலிருந்து தலையைத் தூக்காமல்.

கமலா அவள் தட்டில் இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். எனக்கு ஊற்றவில்லை.

ஜெர்மனியிலிருந்து பதில் வந்தபோது வாசலில் பழைய பாயும் கிழிந்த முறமும் எரிந்து சாம்பலாகியிருந்தன. என்னுடைய டப்பா எண் பதிவேட்டையும் அந்தக் காலையில்தான் கமலா அதில் சேர்த்திருந்தாள். உறையைச் சத்யாவே வாங்கிப் பிரித்தாள். நின்றபடி படித்தாள். முகத்தில் எதுவும் தெரியவில்லை. பிறகு எங்களுக்குச் சொன்னாள்.

என் கடிதத்துக்கு ஜெர்மன் கம்பெனி நன்றி சொல்லியிருந்தது. வலது கால்கள் ஒப்பந்தப்படி தங்களிடமே இருக்கின்றன என்றும், இருந்தாலும் இவ்வளவு கண்டிப்பான கடிதம் வந்ததால் கிடங்கில் எல்லாவற்றையும் இறக்கி எண்ணிப் பார்த்தார்களென்றும், அதனால்தான் தாமதமென்றும் எழுதியிருந்தது. கடைசி வரி: 'எண்ணிக்கையில் நூற்று எண்பத்தைந்து மட்டுமே உள்ளன. ஒன்று குறைவதற்கு மிகவும் வருந்துகிறோம். விளக்கம் பின்னர் அனுப்பப்படும்.'

சத்யா வாசற்படியிலேயே உட்கார்ந்து சிரித்தாள். மூன்றரை மாதத்தில் முதல் சிரிப்பு. "அங்கயும் எவனோ ரிட்டையர் ஆனவன உள்ள விட்டிருக்காங்க மாமா!"

ரஃபீக் கடிதத்தைக் கைபேசியிலேயே வாங்கிப் படித்துவிட்டு, அவங்களே மன்னிப்புக் கேக்கறாங்க என்று ஆச்சரியப்பட்டு, பொங்கல் விடுமுறைக்கு முன்பே அவள் ஆணையில் கையெழுத்துப் போட்டு அதன் படத்தையும் அனுப்பிவிட்டார். இன்றைக்கும் எங்கள் வீட்டில் ஒரு கம்மல் திருகாணி காணோம் என்றாலும், ஒற்றைக்கால் சாக்ஸ் அகப்படவில்லை என்றாலும், "ஜெர்மனிக்கு ஒரு லெட்டர் போடுங்க மாமா" என்பாள். கமலா ரசீது எங்கே என்று கேட்பாள்.

அந்த ஒரு வலது கால் பற்றிய விளக்கம் இதுவரை வரவில்லை. பரிசீலனையில் இருக்கும். வந்த கடிதத்தை மட்டும் நான் விதிப்படி பதிவு செய்து வைத்திருக்கிறேன். பொருள்: வலது கால். நடவடிக்கை: முடிவுற்றது. பெறப்பட்ட நாள்: ஜனவரி பதினான்கு, போகி.